உறைந்து நிற்கும் டிரைவ்: எந்தப் பதிவை முதலில் திறப்பது?

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே திரை அப்படியே நின்றுவிடுகிறது. மவுஸ் மட்டும் நகர்கிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 விழுக்காடு என்று காட்டுகிறது, ஆனால் படிக்கும் வேகமும் எழுதும் வேகமும் பூஜ்யம். ஒரு நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் எல்லாம் மீண்டும் ஓடத் தொடங்குகிறது. இதைச் சொல்லி அறிவுரை கேட்டால், ஒருவர் ஹார்டு டிஸ்க் போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்பார். இன்னொருவர் விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடச் சொல்வார். மூன்றாமவர் கேபிளைக் கழற்றி மாட்டினால் போதும் என்பார். மூன்று பேருமே சரியாக இருக்கக்கூடிய சந்தர்ப்பங்கள் உண்டு.

உங்கள் கணினியில் நடப்பது எது என்பதற்கான சான்று பெரும்பாலும் லாக் எனப்படும் பதிவுகளில் இருக்கிறது. ஆனால் அவை ஓரிடத்தில் இல்லை. விண்டோஸ் தன் ஈவென்ட் வியூவரில் வைத்திருப்பது ஒன்று, லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் எழுதிக்கொண்டே போவது ஒன்று, டிரைவ் தனக்குள்ளேயே ஸ்மார்ட் என்ற பெயரில் குறித்துவைத்திருப்பது ஒன்று. எதைத் திறப்பது, எது சொல்வதை நம்புவது என்று குழம்பி நிற்பவர்களுக்காகவே இந்த ஒப்பீடு.

## எடைபோடும் அளவுகோல்கள்

முதல் அளவுகோல், அந்தப் பதிவு குற்றவாளியைப் பிரித்துக் காட்டுகிறதா என்பது. டிரைவ் உறைவதற்கு நான்கு இடங்களில் காரணம் இருக்கலாம்: தரவு பதிந்திருக்கும் பரப்பு அல்லது ஃபிளாஷ் சில்லு; கேபிள், போர்ட், மின்சாரம் ஆகிய வழித்தடம்; டிரைவை இயக்கும் கன்ட்ரோலர் சில்லும் அதற்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரும்; கடைசியாக, மேலே இருந்து கோப்புகளை ஒழுங்குபடுத்தும் ஃபைல் சிஸ்டம். இந்த நான்கையும் ஒரே வார்த்தையில் "டிஸ்க் எரர்" என்று சொல்லும் பதிவால் பணம் வீணாகுமே தவிர வேறு பயன் இல்லை.

இரண்டாவது, பலரும் யோசிக்காதது: அந்தப் பதிவு எங்கே எழுதப்படுகிறது? உறைந்த டிரைவிலேயே எழுதப்படும் பதிவு, மிகவும் தேவையான அந்த நிமிடத்தில் வெறுமையாக இருக்கும். மூன்றாவது, எத்தனை நாள் பழைய வரலாறு கிடைக்கும் என்பது. நான்காவது, படிப்பதற்காகவே சாகக்கிடக்கும் டிரைவை எவ்வளவு வேலை வாங்குகிறோம் என்பது. ஐந்தாவது, பழக்கமில்லாதவர் அதைத் தவறாகப் படிக்க எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்பது.

இவற்றைப் பொருத்திப் பார்ப்பதற்கு முன், உறைவது எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. செக்டார் எனப்படும் ஒரு சிறு தரவுப் பகுதியைப் படிக்க முடியாத ஹார்டு டிஸ்க் உடனே தோல்வியை ஒப்புக்கொள்வதில்லை. திரும்பத் திரும்ப முயல்கிறது. நாஸ் எனப்படும் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிகளுக்கென்று விற்கப்படும் டிரைவ்கள் பொதுவாக 7 விநாடியில் முயற்சியைக் கைவிட்டுப் பிழை என்று பதில் சொல்லிவிடும். சாதாரண மேசைக்கணினி டிரைவ்கள் ஒரு நிமிடத்துக்கு மேலும் மல்லுக்கட்டக்கூடும். இதற்கிடையே மேலே இருக்கும் இயங்குதளம் தன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. லினக்ஸ் வழக்கமாக 30 விநாடி காத்திருக்கும்; விண்டோஸ் 60 விநாடி. அந்தக் கெடு முடிந்ததும் இணைப்பையே ரீசெட் செய்து, அதே கட்டளையை மறுபடி அனுப்பும். ஆகவே ஒரே சம்பவத்தை டிரைவ் "படிக்க முடியவில்லை" என்றும், கர்னல் "பதில் வரவில்லை, ரீசெட் செய்தேன்" என்றும், ஃபைல் சிஸ்டம் "அமைப்பு சிதைந்துவிட்டது" என்றும் எழுதிவைக்கின்றன. மூன்றும் பொய்யில்லை. ஆனால் ஒன்றை மட்டும் படித்தவர் முழுக்கதையைப் படித்தவராகமாட்டார்.

## விண்டோஸ் ஈவென்ட் வியூவர்

வரலாறு என்ற அளவுகோலில் இதற்கு நிகரில்லை. சிஸ்டம் பதிவுக்கு வழக்கமான உச்ச அளவு 20 எம்பி. அது நிறைந்த பிறகுதான் பழையவை அழியும். பல வாரங்கள், சில சமயம் பல மாதங்கள் பின்னோக்கிப் பார்க்கலாம். ஸ்டார்ட் பொத்தானில் வலது சொடுக்கி ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் என்பதன் கீழ் சிஸ்டத்துக்குள் போய், டிஸ்க், என்டிஎஃப்எஸ், ஸ்டோர்-ஏஹெச்சிஐ, ஸ்டோர்-என்விஎம்இ ஆகிய மூலங்களை (சோர்ஸ்) மட்டும் வடிகட்டினால் போதும்.

அதன் பிறகு ஒவ்வொரு பதிவிலும் இருக்கும் ஈவென்ட் ஐடி எண்கள்தான் பேசும். டிஸ்க் மூலத்திலிருந்து வரும் 7 என்றால் கெட்டுப்போன பிளாக். பரப்பின் மேல் நேரடிக் குற்றச்சாட்டு. 11 என்றால் கன்ட்ரோலர் பிழை. இது வழித்தடத்தையும் குறிக்கலாம். 129 என்றால் பதில் வராததால் டிரைவுக்கு ரீசெட் அனுப்பப்பட்டது; உறைந்து நின்ற அந்த ஒரு நிமிடத்தின் முத்திரை இதுதான். 153 என்றால் ஒரு கட்டளை மறுபடி அனுப்பப்பட்டது. மறுமுயற்சி வெற்றி பெற்றிருக்கலாம், எனவே ஒன்றிரண்டு 153-ஐக் கண்டு பதற வேண்டாம், நாளுக்கு நாற்பது வந்தால் பதறலாம். 157 என்றால் சொல்லாமல் கொள்ளாமல் டிரைவ் காணாமல் போயிற்று. என்டிஎஃப்எஸ் மூலத்தின் 55 என்றால் ஃபைல் சிஸ்டம் சிதைந்திருக்கிறது.

இதன் மறைமுகச் செலவுகள் மூன்று. முதலாவது, இந்தப் பதிவு சி டிரைவிலேயே இருக்கிறது. உறைந்தது சி டிரைவ்தான் என்றால் அந்த நேரத்துப் பிழைகள் எழுதப்படாமலே போகலாம். கடைசியில் எஞ்சுவது, கணினி முறையாக அணைக்கப்படாமல் மீண்டும் தொடங்கியது என்று கூறும் கர்னல்-பவர் 41 மட்டுமே. பலர் இந்த 41-ஐப் பார்த்துவிட்டுப் பவர் சப்ளையை மாற்றுகிறார்கள். அது விளைவைச் சொல்கிறதே அன்றிக் காரணத்தைச் சொல்லவில்லை. அதற்கு முந்தைய சில நிமிடங்களில் பதிவே இல்லாத ஒரு வெற்றிடம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வெற்றிடமே ஒரு சாட்சி.

இரண்டாவது, எந்த டிரைவைப் பற்றிய பிழை என்பதில் ஏற்படும் குழப்பம். செய்தியில் ஹார்டுடிஸ்க்1, டிஆர்1 என்று இரண்டு எண்கள் வரும். டிஸ்க் மேனேஜ்மென்ட் காட்டும் எண்ணோடு ஒத்துப்போவது முதல் எண். டிஆர் எண்ணை நம்பி டிரைவைக் கழற்றக் கூடாது. பென் டிரைவைப் பாதியில் பிடுங்கினாலும் 51 போன்ற பிழைகள் பதிவாகும் என்பதால், எண்ணைச் சரிபார்க்காமல் நல்ல டிரைவின் மேல் பழிபோடுவது எளிது.

மூன்றாவது செலவுதான் கனமானது. 55-ஐப் பார்த்தவுடன் செக்டிஸ்க் கட்டளையை ஆர் தெரிவோடு ஓட்டுவது பலருக்கு அனிச்சைச் செயல். அது டிரைவ் முழுவதையும் படிக்கிறது, கோப்பு அமைப்பை மாற்றி எழுதுகிறது. பரப்பு கெட்ட டிரைவில் தரவை வெளியே எடுக்கும் முன் இதைச் செய்வது, இடிந்துவிழும் வீட்டுக்குள் ஆட்கள் இருக்கும்போதே வெள்ளையடிப்பது போன்றது.

விண்டோஸ் சி டிரைவில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, தொல்லை டி அல்லது இ டிரைவில், அதுவும் விட்டுவிட்டு வருகிறது என்றால் ஈவென்ட் வியூவரே முதல் தேர்வு.

## லினக்ஸ் கர்னல் பதிவு

குற்றவாளியைப் பிரித்துக் காட்டுவதில் மூன்றிலும் இதுவே கூர்மையானது என்பது என் கருத்து. டிமெசேஜ் கட்டளையோ, ஜர்னல்சிடிஎல் கட்டளையைக் கே தெரிவோடு ஓட்டுவதோ, இரண்டும் காட்டுவது ஒரே கர்னலின் பேச்சைத்தான்.

சாட்டா என்ற கேபிளில் இணையும் டிரைவ் ஒன்று உறையும்போது இந்தப் பதிவில் விழும் வரிகளைக் கிட்டே போய்ப் பார்ப்போம். முதல் வரி ஏடிஏ எண்ணைச் சொல்லி, எக்ஸப்ஷன் என்று தொடங்கும். பதில் வராமல் கெடு முடிந்திருந்தால் இறுதியில் ஃப்ரோசன் என்று முடியும். அடுத்து, தோற்றுப்போன கட்டளை எது, படிக்கும் கட்டளையா எழுதும் கட்டளையா என்பது. அதற்கும் கீழே நெளிவு அடைப்புக்குறிக்குள் ஓரிரு சிறு எழுத்துத் தொகுப்புகள் இருக்கும். கண் போக வேண்டிய இடம் அதுதான். அங்கே யுஎன்சி என்று இருந்தால், டிரைவ் படித்துப் பார்த்துத் திருத்த முடியாமல் கைவிட்டது, பரப்பு கெட்டிருக்கிறது. ஐசிஆர்சி என்று இருந்தால், தரவு வழியில் சிதைந்தது. கேபிளையோ போர்ட்டையோ சந்தேகிக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் டைம்அவுட் மட்டும் இருந்தால், டிரைவ் பேசவே இல்லை. மின்சாரம், கன்ட்ரோலர், ஃபர்ம்வேர் ஆகியவற்றின் பக்கம் திரும்ப வேண்டும். பிறகு ஹார்டு ரீசெட்டிங் லிங்க் என்ற வரியும், இணைப்பு மீண்ட வேகமும் வரும். 6 ஜிகாபிட்டில் இருந்த இணைப்பை 3-க்கும் பிறகு 1.5-க்கும் கர்னல் தானே இறக்கிக்கொண்டிருந்தால், புது டிரைவுக்குப் பணம் எடுக்கும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

பிசிஐ பஸ் என்ற இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டிகளான என்விஎம்இ டிரைவ்களின் பேச்சு வேறு. கன்ட்ரோலர் இஸ் டவுன் என்று சொல்லி, அதன் நிலைக்குறி முழுவதும் எஃப் என்று நிரம்பியிருந்தால், டிரைவ் பிசிஐ பஸ்ஸிலிருந்தே விழுந்துவிட்டது என்று பொருள். டிரைவ் உண்மையில் சாகும்போதும் இது வரும். மின்சேமிப்பு நிலையிலிருந்து எழ முடியாமல் தடுமாறும்போதும் வரும். கணினி சும்மா இருக்கும்போது மட்டும் இது நடக்கிறது என்றால், மின்சேமிப்பை நிறுத்திவிட்டுச் சில நாள் பார்ப்பதற்குக் காசு செலவில்லை.

இதன் மறைமுகச் செலவு, பதிவின் ஆயுள். டிமெசேஜ் காட்டுவது நினைவகத்தில் சுழலும் ஒரு தாங்கல். கணினியை அணைத்தால் போய்விடும், பிழைகள் மழையாகக் கொட்டினால் முதல் பிழையே அழிந்துவிடும். முந்தைய இயக்கத்தின் பதிவு வேண்டுமென்றால், ஜர்னல்சிடிஎல் படிக்கும் ஜர்னல் வட்டில் நிலையாகச் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். லினக்ஸ் இருக்கும் ரூட் டிரைவே உறைந்தால், ஃபைல் சிஸ்டம் படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போய், ஜர்னலும் எழுத முடியாமல் நிற்கும். அப்படிப்பட்ட கணினிக்கு, உறைவதற்கு முன்பே இன்னொரு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் என்ற தொலை இணைப்பு வழியாக நுழைந்து டிமெசேஜைத் தொடர்ந்து ஓடவிட்டுவைத்தால், கடைசி வரிகள் அந்த இன்னொரு திரையில் மிஞ்சும்.

தவறாகப் படிக்கும் வாய்ப்பும் அதிகம். ஏடிஏ1 என்ற போர்ட் எண், எஸ்டிஏ என்று லினக்ஸ் பெயரிட்ட டிரைவைத்தான் குறிக்கும் என்று நினைத்துக்கொள்வது வழக்கமான பிழை. அப்படி ஒரு விதி இல்லை. கணினி தொடங்கும்போது பதிவான வரிகளில் ஏடிஏ எண்ணுக்குப் பக்கத்தில் டிரைவின் மாடல் பெயர் இருக்கும். அதைப் பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகே ஸ்க்ரூடிரைவரை எடுக்க வேண்டும்.

## பென் டிரைவ் லினக்ஸிலிருந்து பார்ப்பது

உறைவது சி டிரைவ் என்றால் நான் பரிந்துரைப்பது இதைத்தான். பென் டிரைவிலிருந்து ஒரு லினக்ஸை ஏற்றி, சந்தேகத்துக்குரிய டிரைவை மவுன்ட் செய்யாமல், அதாவது அதன் கோப்புகளைத் திறக்க இணைக்காமல், கர்னல் பதிவை மட்டும் பார்ப்பது. பதிவு நினைவகத்தில் இருப்பதால் டிரைவ் செத்தாலும் பதிவு சாகாது. விண்டோஸ்தான் காரணமா என்ற வழக்கும் இங்கேயே முடிந்துவிடும்: பென் டிரைவ் லினக்ஸிலும் அதே டிரைவ் உறைந்தால் விண்டோஸைப் புதிதாகப் போடுவதில் பயனில்லை.

செலவுகள் உண்டு. பழைய வரலாறு இதில் கிடையாது; உங்கள் கண் முன்னால் பிழை நடந்தால்தான் உண்டு. பென் டிரைவிலிருந்து ஏற்றுவதற்காகப் பயாஸ் எனப்படும் கணினியின் தொடக்க அமைப்புகளை மாற்றினால், வட்டைக் குறியாக்கிவைக்கும் பிட்லாக்கர் அடுத்த முறை மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அந்த 48 இலக்க எண் கையில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். லினக்ஸின் ஃபைல் மேனேஜரில் அந்த டிரைவை ஆர்வத்தில் சொடுக்கிவிட்டால் அது மவுன்ட் ஆகிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

## டிரைவின் சொந்தப் பதிவு: ஸ்மார்ட்

இதைப் படிக்கும் கருவி, விண்டோஸில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ, லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல். இயங்குதளம் எதுவானாலும், டிரைவ் வேறு கணினிக்குப் போனாலும், இந்தப் பதிவு டிரைவோடே போகிறது. படிப்பதற்குச் சில நொடிகள்தான். சுமையும் ஏறக்குறைய இல்லை.

ஹார்டு டிஸ்க்கில் ஐந்து எண்களைப் பார்த்தால் போதும். 5 என்பது மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்கள். 187 என்பது திருத்த முடியாமல் போன பிழைகள். 197 என்பது தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டார்கள். 198 என்பது சும்மா இருக்கும் நேரத்துச் சோதனையிலும் படிக்க முடியாதவை. 199 என்பது கேபிள் வழியில் சிதைந்து வந்த தரவின் எண்ணிக்கை. முதல் நான்கும் பரப்பைக் குற்றம் சொல்கின்றன, ஐந்தாவது வழித்தடத்தை. என்விஎம்இ டிரைவில் இந்த எண்கள் இல்லை. அங்கே மீடியா பிழைகள், மீதமுள்ள உதிரி இடம், கிரிட்டிக்கல் வார்னிங் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

ஸ்மார்ட் மட்டுமே சொல்லக்கூடிய ஒன்று, டிரைவ் ஓடிய மணிநேரம். அது வெறும் வயதுக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். குரூஷியல் எம்4 எஸ்எஸ்டிகள் 5,184 மணிநேரம் ஓடியதும் பதிலளிக்காமல் நின்றன. அணைத்துப் போட்டால் மேலும் ஒரு மணிநேரம் ஓடி மறுபடி நின்றன. 2012 ஜனவரியில் வந்த ஃபர்ம்வேர் அதைச் சரிசெய்தது. எச்பி என்டர்பிரைஸ் 2019 நவம்பரில் விடுத்த எச்சரிக்கை இன்னும் கடுமையானது: அதன் குறிப்பிட்ட சில சாஸ் (சர்வர் வகை) எஸ்எஸ்டிகள், ஃபர்ம்வேரைப் புதுப்பிக்காவிட்டால், 32,768 மணிநேரத்தில், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணிநேரத்தில், தரவோடு சேர்த்துச் செயலிழக்கும். ஒரே நாளில் மாட்டப்பட்ட டிரைவ்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் போகும் என்பதால், பல டிரைவ்களில் தரவைப் பகிர்ந்து காக்கும் ரெய்டு கூடக் கைகொடுக்காது. இப்படிப்பட்ட வழக்கில் கர்னல் பதிவு டைம்அவுட் என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடும். மணிநேரத்தைப் பார்த்தவருக்குத்தான் விஷயம் புரியும்.

இதன் பெரிய மறைமுகச் செலவு, பொய்யான நிம்மதி. மேலே பச்சையாகத் தெரியும் "பாஸ்ட்" அல்லது "குட்" என்ற சொல்லுக்கு, தயாரிப்பாளர் வைத்த எல்லையை எந்த எண்ணும் தாண்டவில்லை என்பது மட்டுமே பொருள். கூகுள் தன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிரைவ்களை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், செத்துப்போன டிரைவ்களில் 56 விழுக்காட்டுக்கும் மேலானவை முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. அதே ஆய்வு மறுபக்கத்தையும் சொல்கிறது: தன் பரப்பைத் தானே சோதித்ததில் முதல் ஸ்கேன் பிழை தோன்றிய டிரைவ் அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு, பிழையே இல்லாத டிரைவைவிட 39 மடங்கு. ஆகவே ஸ்மார்ட் கெட்ட செய்தி சொன்னால் நம்புங்கள். நல்ல செய்தி சொன்னால் இன்னொரு சாட்சியைக் கேளுங்கள்.

பொய்யான பீதியும் உண்டு. சீகேட் டிரைவ்களில் ரீட் எரர் ரேட் என்பதன் மூல எண் கோடிகளில் இருக்கும். அது பிழைகளின் எண்ணிக்கை அல்ல, அந்த எண்ணைக் குறிக்கும் முறையே வேறு. 199 ஒருமுறை ஏறினால் இறங்காது. எனவே அதன் அளவைவிட, இன்றைக்கும் நாளைக்கும் இடையில் அது ஏறுகிறதா என்பதே கேள்வி. வெளிப்பெட்டியில் இருக்கும் யூஎஸ்பி டிரைவ்களில் இடையில் இருக்கும் சில்லு ஸ்மார்ட் தகவலை வெளியே விடாமலும் இருக்கலாம். ஸ்மார்ட்டில் இருக்கும் நீண்ட சோதனை டிரைவின் பரப்பு முழுவதையும் படிக்கிறது. பெரிய ஹார்டு டிஸ்க்கில் பல மணிநேரம் ஆகும், பேக்கப் எடுக்காத டிரைவில் அதை ஓட்டக் கூடாது.

## இரண்டு பதிவுகளைச் சேர்த்துப் படித்த ஒரு நாள்

ஓர் அச்சகத்தின் வடிவமைப்புக் கணினி. விண்டோஸ் எஸ்எஸ்டியில் இருந்தது. வேலைக் கோப்புகள் 2 டிபி ஹார்டு டிஸ்க்கில். பெரிய கோப்பைச் சேமிக்கும்போதெல்லாம் உறையும். ஹார்டு டிஸ்க்கை மாற்றியே ஆக வேண்டும் என்று இரண்டு பேர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். ஈவென்ட் வியூவரில் அந்த டிஸ்க்கின் பேரில் 129-உம் 153-உம் நாள்தோறும் டஜன் கணக்கில் கிடந்தன. ஆனால் கெட்ட பிளாக்கைச் சொல்லும் 7 ஒன்றுகூட இல்லை. ஸ்மார்ட்டில் 5-உம் 197-உம் பூஜ்யம்; 199 மட்டும் ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. என் முன்னாலேயே ஒரு கோப்பைச் சேமிக்கச் சொல்லிவிட்டு ஸ்மார்ட்டைப் புதுப்பித்தபோது அந்த எண் 11 கூடியிருந்தது. பெட்டியைத் திறந்தால், சாட்டா கேபிள் பக்கத் தகட்டுக்கும் டிரைவ் கூண்டுக்கும் நடுவில் நசுங்கி மடிந்திருந்தது. நூறு ரூபாய் கேபிளோடு வேலை முடிந்தது. 199-இல் அன்று இருந்த எண்ணை ஒரு தாளில் எழுதி அந்த டிரைவின் மேலேயே ஒட்டிவைத்தேன். ஒரு மாதம் கழித்தும் அதே எண்தான்.

## எந்தச் சூழலில் எது முதலில்

| சூழல் | முதலில் திறக்க வேண்டியது | அடுத்த சாட்சி |
|---|---|---|
| இரண்டாவது டிரைவ் விட்டுவிட்டு உறைகிறது | ஈவென்ட் வியூவர் | ஸ்மார்ட் 197, 199 |
| சி டிரைவே உறைகிறது | பென் டிரைவ் லினக்ஸின் கர்னல் பதிவு | ஸ்மார்ட் |
| லினக்ஸ் சர்வர் | எஸ்எஸ்ஹெச் வழியாக டிமெசேஜ் | முந்தைய இயக்கத்தின் ஜர்னல் |
| எஸ்எஸ்டி திடீரென்று காணாமல் போய், அணைத்துப் போட்டால் வருகிறது | ஸ்மார்ட்டில் ஓடிய மணிநேரமும் ஃபர்ம்வேர் எண்ணும் | கர்னல் பதிவு |
| வெளிப்பெட்டி யூஎஸ்பி டிரைவ் | கர்னல் பதிவு அல்லது ஈவென்ட் வியூவர் | வேறு கேபிள், வேறு போர்ட் |
| பழைய டிரைவை விலைக்கு வாங்கும் முன் | ஸ்மார்ட் | நீண்ட சோதனை |

## பதிவை மூடிவைக்க வேண்டிய நேரம்

பயாஸிலேயே டிரைவ் தெரியவில்லை என்றால் மேலே சொன்ன எந்தப் பதிவும் உதவாது. ஹார்டு டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்ற ஓசை வந்தாலோ, 197 பார்க்கப் பார்க்க ஏறினாலோ, கர்னல் பதிவில் யுஎன்சி வெவ்வேறு செக்டார்களில் தொடர்ந்து வந்தாலோ, மேற்கொண்டு காரணம் தேடுவது ஆராய்ச்சி ஆசைதான். ஓசை இல்லாத டிரைவ் என்றால், லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற பிரதியெடுக்கும் கருவியை, எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் மேப் கோப்போடு ஓட்டி, அதே அளவோ பெரிதோ ஆன இன்னொரு டிரைவுக்குப் பிரதி எடுங்கள். அது எளிதில் படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் பகுதிகளுக்குக் கடைசியில்தான் திரும்பிவரும். ஓசை வரும் டிரைவில் விலைமதிப்புள்ள தரவு இருந்தால் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத் தரவு மீட்பு நிலையத்துக்குக் கொண்டுபோவதே வழி. இன்னும் ஒரே ஒருமுறை போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றும்போது போடாமல் இருங்கள்.